கணவரின் குரல் கம்மியபோது

எந்த மாத்திரைக்கும் தீராத மனச்சோர்வுக்காக என் கணவருக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு கருவி வைத்து, கழுத்து நரம்போடு இணைத்தார்கள். மணலூர்பேட்டைக்குத் திரும்பிய மறுவாரம், "கரும்புக்குத் தண்ணி வுட்டுட்டு வரேன்" என்றார். சொல்லும்போதே குரல் கம்மியது. அழுகையை அடக்குகிறார், ஏதோ விபரீத முடிவெடுத்துவிட்டார் என்று பதறி, செருப்பில்லாமல் வரப்பில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னாத்துக்குடி இப்படி ஓடியாற?" என்றார். குரல் தெளிவாக இருந்தது! எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டரிடம் போனில் கேட்டேன். கருவி நரம்பைத் தூண்டும்போது சிறிது நேரம் குரல் கம்முமாம், முன்பே சொன்னாராம்.

இருந்தும் குழப்பம் போகவில்லை. இப்போதெல்லாம் குரல் கம்மினால் கேட்டுவிடுகிறேன்: "மிஷினா, நீங்களா?"

"மிஷின்தான்" என்பார். நேற்று மட்டும், "நான்தான்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.