தலைமாட்டுக் கயிறு

என் அக்கா ரீனாவை அடக்கம் செய்த அன்றுதான் அந்தக் கோடையின் பெரிய கப்பலும் வந்தது. எங்கள் ஆர்ட்வார் துறை சின்னது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, அதன் படகுகள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். படகிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து, துறை ஓரத்தில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் சுற்றிக் கட்டுவது என் அத்தான் டார்க்கிலின் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. "இந்த மனுஷனுக்கு முடிச்சுப் போடத்தான் தெரியும், நாலு வார்த்தை பேசத் தெரியாது" என்று அக்கா கேலி செய்வாள். அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டியவர், வழக்கம்போல மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு துறையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் டீக்கடையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு கோப்பை டீயோடு நேரே அங்கே போனேன்.

"அத்தான், உங்களுக்கு மூளை கீளை இருக்கா? ரெண்டு மணிக்கு அடக்கம்."

"தெரியும் எஃபி."

"தெரிஞ்சுமா இங்க நிக்கறீங்க? தலைமாட்டுக் கயிறு உங்களுது."

எங்கள் ஊரில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவது சொந்தக்காரர்கள்தான். எட்டுக் கயிறு, எட்டுப் பேர். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கின உறவுக்கு. கால்மாட்டுக் கயிறு எனக்கு வந்திருந்தது.

"வேற யாராவது பிடிக்கட்டும்னு யூவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். யூவன்தான் அடக்க ஏற்பாடுகளைக் கவனிப்பவர்.

"வேற யாரு? ரோட்டுல போறவனா?"

"அவ போயி ஒரு வாரமாச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. பசிச்சா சாப்பிடறேன். தூக்கம் வந்தா தூங்கறேன். உள்ள ஒண்ணுமே இல்ல எஃபி. இப்படி ஒருத்தன் அவ தலைமாட்டுல நின்னா அசிங்கம்."

டீயை நீட்டினேன். வாங்கும்போது பாதி அவர் கையில் கொட்டியது. ஆவி பறக்கிற டீ. ஐயையோ என்று கத்தியது நான்தான். அவர் கையைக் கோட்டில் துடைத்துவிட்டு, வருகிற படகைப் பார்த்தார். புறங்கை நன்றாகச் சிவந்திருந்தது.

படகு வந்தது. கயிறு பறந்தது, பிடித்தார், கட்டினார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ரோஸ் நிற மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள் அத்தானிடம் தன்னையும் கணவரையும் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். மலையும் தெரிகிற மாதிரி இன்னொன்று கேட்டாள். அதையும் எடுத்தார்.

"இன்னிக்குப் பூரா சும்மா சுத்தப்போறோம். இங்க பாக்க என்ன இருக்கு?"

"வலது பக்கம் கம்பளிக் கடை. அதைத் தாண்டி ஐஸ்கிரீம் கிடைக்கும். ரெண்டு மணிக்கு என் பொண்டாட்டி அடக்கம், அதனால டீக்கடை மூடியிருக்கும்" என்றார், எல்லாவற்றையும் ஒரே குரலில்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. கணவர் தொப்பியைக் கழற்றினார்.

"அப்போ நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

நான் அவரைத் திட்டினேனே தவிர, இப்படிக் கேட்கவில்லை.

"கயிறு பிடிக்க ஆள் வேணுமே" என்றார் அத்தான்.

"அங்கயும் அதுக்குத்தான் ஆள் வேணும்!" என்று வெடித்தேன். "உங்களை யாரு அழச் சொன்னா? வந்து கயித்தைப் பிடிங்க, போதும்."

துறையில் இருந்த இன்னொருவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, மஞ்சள் கோட்டோடேயே என் பின்னால் வந்தார்.

இடுகாட்டில் தூறிக்கொண்டிருந்தது. யூவன் தலையசைத்ததும் எல்லோரும் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி விட்டோம். பெட்டி பாதி போயிருக்கும், என் பக்கம் இறங்கியது, தலைப்பக்கம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்திருந்தார். படகு இழுக்கும்போது நிற்பாரே, அதே நிலை.

"டார்க்கில், விடுங்க" என்றார் யூவன், மெதுவாக. அத்தான் காதில் விழவில்லை. பெட்டி சரிந்துகொண்டிருந்தது. பாதிரியார் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊர் அடக்கத்தில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. நான் உயர்த்தினேன். படகுக்காரர்கள் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"கயித்தை விடு!"

அவருடைய கை கேட்டது. கயிறு சரசரவென்று உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பெட்டி நேராகி, அடியில் போய் உட்கார்ந்தது. நுனியைக் குழிக்குள் போட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இடுகாட்டு வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

கடைசிப் படகுக்குத் துறைக்குத் திரும்பிவிட்டார். தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். ரோஸ் மழைக்கோட்டு அம்மாள் புதுக் கம்பளித் தொப்பியோடு வந்தாள். அவருடைய தோளை ஒருமுறை தொட்டுவிட்டு ஏறினாள். படகுக்காரன் குரல் கொடுத்தான். அத்தான் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை வீசினார். படகு போய்விட்டது.

அவர் அங்கேயே நின்று உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். குறுக்கே தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"எஃபி."

"என்ன அத்தான்?"

"எரியுது" என்றார்.

அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரும்புக் கட்டைமேல் உட்கார்ந்தார்.

"ரொம்ப எரியுது எஃபி."