காசிம் நானா வெட்டிய ராஜ அங்கி

லக்கலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான். செய்தியும் அதில்தான் வரும். போன செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் நெல் ஸ்டோருக்கு முன்னால் பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி வந்து என் தோளைத் தொட்டார். மாத்தளை டைலர் காசிம் நானா மௌத்தாகிவிட்டார் என்றார். முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டதாம். கண்டக்டர் போட்டிருந்த காக்கிச் சட்டை நானா தைத்தது. அதன் காலரைப் பிடித்துக்கொண்டே அவர் பேசினார்.

சுதந்திரம் வந்து இத்தனை வருடமாகியும் இந்தப் பாதைக்கு இரண்டாவது பஸ் வரவில்லை. அதனால் ஒரு நல்ல மனிதரின் ஜனாஸாவுக்குப் பின்னால் நடக்கும் பாக்கியம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. மிளகாய் ஏற்றிய லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு மாத்தளைக்குப் புறப்பட்டேன். வழியில் அழவில்லை. பாதித் தூரம் சிரித்துக்கொண்டே வந்தேன் என்பதுதான் உண்மை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில், கையால் சுற்றும் ஒரு தையல் மெஷினும் ஒரு பலகையுமாக இருந்தது அவருடைய கடை. ஊரில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அளவுக் கடதாசி வெட்டுவதற்காகப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவார். அப்படி வந்த ஒன்று பாண்டியர் சரித்திரம். முன்பாதி கிடையாது. அதை ஏற்கெனவே கடலை விற்பவர் சுருள் சுற்றி முடித்திருந்தார். மிஞ்சியது கடைசி அத்தியாயங்கள் மட்டும்: மதுரையை இழந்து தென்காசியில் ஒதுங்கி, வடக்கே இருந்த பெரிய அரசுக்குக் கப்பம் கட்டி, கோயில் எழுப்பி, பாட்டு எழுதி, கடைசியில் கல்வெட்டிலும் காணாமற்போன அரசர்கள்.

கடைக்குப் போன முதல் நாளே அந்தப் புத்தகத்தைப் பார்த்து நான் கேலி செய்தபோது அவர் சொன்னார் (இருந்த, இருக்கிற என்பதெல்லாம் அவர் வாயில் ஈந்த, ஈக்கிற என்றுதான் வரும்): "முன்னுக்கு ஈந்த ராஜாமார எல்லாம் கடலக்காரன் கொண்டு போயிட்டான் தம்பி. மிச்சம் ஈக்கிறவங்கதான் நம்மட ஆக்கள்."

எனக்கு அரசர்கள் என்றாலே பிடிக்காது. யட்டவத்தப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ராஜா பெரிய கங்காணி. தலைப்பாகையும் கோட்டும் வெள்ளிப்பூண் பிரம்புமாக அவர் நடந்து வந்தால் என் தகப்பனார் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி வழி விடுவார். அந்தக் கங்காணியின் மகன் தங்கராசு, தங்கள் குடும்பம் பாண்டிய வம்சம் என்று சொல்லித் திரிந்தார். ஆள் பிடித்துக் கப்பலேற்றிய வம்சம் என்று நான் பதிலுக்குச் சொல்லித் திரிந்தேன்.

தோட்டத்துத் திருவிழாவுக்குப் பாண்டிய நாடகம் போட வேண்டும், தானே ராஜாவாக நடிக்க வேண்டும் என்று தங்கராசுவுக்கு ஆசை வந்தது. எழுதுவதற்குத் தோட்டத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. நான் ஒத்துக்கொண்டேன், ஆனால் நான்கு ராஜாக்களை வைத்து எழுதினேன். முதல் ராஜா தங்கராசு. கடைசி ராஜா வேலு. வேலு என் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரன், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன், குரல் இரண்டு மலைக்குக் கேட்கும். கடைசி ராஜா வாளோடு பாய்ந்து, படுகளத்தில் விழுந்து சாவதாக முடித்திருந்தேன். அதை நானாவின் கடையில் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் பொத்தான் தைப்பதை நிறுத்தவே இல்லை.

"கடைசி ராஜா எப்பிடி மௌத்தானாருண்டு புத்தகத்துல இல்ல. இல்லாததை உங்களுக்கு எப்பிடிச் சொல்ல ஏலும்?"

நாடகம் என்றால் அப்படித்தான், சனங்கள் கைதட்ட வேண்டாமா என்று வாதாடினேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சண்டையில செத்திருந்தா பேர் ஈக்கும் தம்பி. பேர் இல்லாமப் போனாருண்டா, வயித்துக்கு வழி தேடித்தான் போயிருப்பார். உங்கட தாத்தாவப் போலக் கப்பல் ஏறியும் ஈப்பார்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அங்கேயே பலகைமேல் குனிந்து கடைசிக் காட்சியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுதி முடித்தபோது நானா இன்னொன்று சொன்னார். நான்கு ராஜாவுக்கும் நான்கு அங்கி வேண்டாம், ஒன்று போதும், ஒவ்வொரு ராஜா போனதும் அதை வெட்டிச் சுருக்குவேன் என்றார். எப்போது என்று கேட்டேன். திரைக்குப் பின்னாலேயே, நாடகம் நடக்கும்போதே என்றார். துணி கொண்டுவந்து கொடுத்த தங்கராசுவிடம் இதைச் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். நேர்மையான முடிவு அல்ல. ஆனால் அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது தோட்டத்துத் தொரையின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நாடகம் தொடங்கியது. நாலு தோட்டத்துச் சனம் வந்திருந்தது. சிவப்பு வெல்வெட், கழுத்திலிருந்து கால்வரை சரிகை, பின்னால் நாலு முழம் தரையில் புரளும் தொங்கல். தங்கராசு மதுரைப் பாண்டியனாக நடந்து வந்தபோது, பொய் சொல்லக்கூடாது, ராஜா மாதிரியேதான் இருந்தார். பெரிய கங்காணி முன் வரிசையில் எழுந்து நின்றே கைதட்டினார்.

காட்சி முடிந்து உள்ளே வந்தவரின் அங்கியை நானா மரியாதையாகக் கழற்றி வாங்கினார். பலகையில் விரித்தார். தொங்கலை ஒரே வெட்டாக வெட்டினார். வெல்வெட் கிழியும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தங்கராசுவின் முகம் வெளிறியது.

"என்னங்க பண்றீங்க? எங்கப்பா எடுத்துக் குடுத்த துணிங்க இது."

நானாவின் உதடுகளுக்கிடையில் ஊசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ராஜ்ஜியம் சுருங்கிட்டுது தம்பி. அங்கி மட்டும் எப்பிடிப் பெரிசா ஈக்கும்?"

தங்கராசு கத்தரிக்கோலைப் பிடுங்க வந்தார். அதற்குள் இரண்டாவது ராஜா அங்கியை மாட்டிக்கொண்டு மேடைக்கு ஓடிவிட்டான். தொங்கல் இல்லாத அங்கியைக் கண்டதும் சனத்துக்குப் புரிந்துவிட்டது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாவது ராஜா கையில்லாத அங்கியோடு வந்து கப்பம் கட்டக் குனிந்தபோது பின்வரிசையில் சிரிப்பு எழும்பியது. உள்ளே நானாவின் மெஷின் தடதடவென்று ஓடியது. அவருக்கு வியர்த்து வழிந்தது. கண்ணில் அப்படி ஒரு குதூகலத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலு வந்தான். தோளில் ஒரு சாண் வெல்வெட், மற்றபடி வெறும் உடம்பு. கவ்வாத்துக் கத்தி கீறிய தழும்புகளும் அட்டை கடித்த வடுக்களும் மாலை வெயிலில் தெரிந்தன. ராஜா வரிசையில் வந்து நிற்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம், தகப்பன் பிறந்த பத்திரம் கேட்டு எங்கள் சனத்தைத் திருப்பி அனுப்பும் பிரஜாவுரிமைக் கிளார்க்காக நான். பெயர் கேட்டேன். பாண்டியன் என்றான். தகப்பன் பிறந்த இடம் கேட்டேன். மதுரை என்றான்.

"அத்தாட்சி இருக்கா?"

இந்த இடத்தில் வேலு பேசாமல் நிற்க வேண்டும், திரை விழ வேண்டும். அவன் நின்றான். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் உட்கார்ந்தபடியே, சாதாரணமாகச் சொன்னார்:

"எங்ககிட்டயும் இல்லைங்க ஐயா."

பிறகு எழுந்த இரைச்சலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. சிரித்தார்களா அழுதார்களா என்று யாரும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. நானா திரைக்குப் பின்னாலிருந்து கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்று, அந்தச் சனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விலை பிறகு கொடுத்தோம். தோட்டத்து உத்தியோகத்தர்களின் கோட்டும் பிள்ளைகளின் பாடசாலை உடுப்பும் அதன்பின் நானாவிடம் வரவில்லை. கங்காணி வீட்டின் சொல் அது. கடையின் பாதியை அவர் வாடகைக்கு விட வேண்டியதாயிற்று. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "எல்லாருக்கும் கடைசி அளவு ஒண்டுதான் தம்பி. அதுக்குத் தையக்கூலியும் இல்ல" என்று சிரித்து அனுப்பிவிட்டார். வேலுவை ஆள் ஏறாத மேட்டு மலைக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தான். இந்தியாவுக்குப் போகும் பத்திரம் வந்தபோது வாங்கிக்கொண்டான். நானா வெட்டின துண்டுகளை எல்லாம் எடுத்து ஒட்டுப்போட்டு, பாஸ்போர்ட்டும் பத்திரங்களும் வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தார். சிவப்பு வெல்வெட் பை. மாத்தளை ஸ்டேஷனில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலு ரயில் ஏறினான்.

போன மாதம் அவன் எனக்கு எழுதிய கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். "கப்பல விட்டு எறங்குன கேம்புல ஆபீசர் சொந்த ஊரு எதுன்னு கேட்டாரு. எனக்கு இந்தியாவுல தெரிஞ்ச ஊரு ஒண்ணே ஒண்ணுதான். தென்காசின்னு சொல்லிட்டேன். இங்கயே அனுப்பி வச்சிட்டாங்க. நம்ம ராஜா கட்டுன கோயிலு நெசமாவே இருக்கு. கோபுரம் ரெண்டாப் பொளந்து நிக்குது. கடைசி ராஜா எங்க போனாருன்னு இங்க கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியல. நானாவக் கேட்டு எழுதவும்."

நானா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பதிலைச் சொன்னார். எழுதுகிறேன் என்றேன். லக்கலையில் தபால் முத்திரை இல்லை, வேலை இருக்கிறது, அடுத்த கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இந்தச் சோம்பலை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

அவரை அடக்கிய மையவாடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. தைக்காத வெள்ளைத் துணியில் போயிருக்கிறார். நானாவின் மனைவி, எங்கள் மதினி, விதவைக்குரிய இத்தாவில் வெளியே வராமல் இருந்ததால் மதினியின் தம்பிதான் கடையைத் திறந்துவிட்டார். மெஷினுக்குக் கீழே இழுக்கும் லாச்சியில் கிடந்த கடதாசிக் கட்டை எடுத்து, இது தேவையா, வீசிவிடவா என்று கேட்டார். அந்தச் சரித்திரப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சட்டைக் கையாகவும் காலராகவும் பையாகவும் வெட்டப்பட்டிருந்தது. கடைசி ராஜாவைப் பற்றிய ஒரே பக்கத்தில் மட்டும் கத்தரிக்கோல் படவில்லை.

அந்தப் பக்கத்தை இன்று தென்காசிக்கு அனுப்பிவிட்டேன், நானா. கூடவே கடிதமும். மௌத்துச் செய்தியை இரண்டாவது வரியில்தான் எழுதினேன். முதல் வரி நீங்கள் சொன்னது, ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"கடைசி ராஜா மாத்தளைக்கு வந்து கொஞ்ச காலம் ஈந்துட்டு, திரும்பித் தென்காசிக்கே போயிட்டார்."

போய் வாருங்கள், நானா.