அவள் சொல்லி வாங்கிய மெஷின்

மாட்டுக்குக் குச்சித் தீனி போடலாம் என்று முதலில் சொன்னது என் பெண்டாட்டிதான். அதுவும் குவைத்திலிருந்து, போனில். மாடுகளைக் கட்டிக்கொண்டு இங்கேயே கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. கண் காணாத தேசத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களைப் போல நீங்களும் எல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து குடியாத்தம் போகிற பக்கம், எல்லைக்கு இந்த ஆந்திரப் புறம். நைனா, அதாவது அப்பா, காலத்தில் சர்க்கார் கொடுத்த மேட்டு நிலம் கொஞ்சம். வேர்க்கடலை போடுவோம், மாடு வைத்துப் பால் சென்டருக்கு ஊற்றுவோம். போர் வற்றிப்போன வருஷம் ஊரில் பாதிப் பேர் குவைத் போனார்கள். எனக்கும் விசா கேட்டோம். ஏஜெண்ட் இழுத்தடித்தான். வீட்டு வேலைக்குப் பெண்ணென்றால் சீக்கிரம் கிடைக்கும் என்றான். எங்கள் பெண் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. "நீ மாட்டப் பாத்துக்கோ, கொழந்தயப் பாத்துக்கோ, நான் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள். ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத வாய் இல்லை. பெண்டாட்டியை அனுப்பிவிட்டு உட்கார்ந்து தின்கிறான் என்றார்கள். நான் உட்காரவே இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு விடாமல் பேசினாள்.

"மாமா, எங்க மொதலாளிக்கு ஊருக்கு வெளிய ஆட்டுப் பட்டி கீது. அவங்க வூட்டுக் கொழந்தயக் கூட்டிக்கினு நானும் போனேன். ஆட்டுக்குக் குச்சி குச்சியா ஒரு தீனி கொட்றாங்க. சுண்டுவெரல் தடிப்பு. ஒண்ணுகூட மிச்சம் வெக்காம துன்னுது. நம்ம மாடு கடலக்கொடில எலையத் துன்னுட்டுத் தண்ட உட்டுடுது பாரு? அத்த அரைச்சு, தவிடு, புண்ணாக்கு போட்டு இப்டி செஞ்சா இன்னா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளியும் அதே பேச்சு, அதற்கடுத்த வெள்ளியும் அதே பேச்சு. கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தக் குச்சி செய்யற மெஷினு வாங்கி, அது வூட்டுச் செலவுக்குக் குடுத்துட்டா நான் வந்துடறேன் மாமா. அப்பறம் போவ மாட்டேன்."

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே சித்தூருக்குப் பஸ் ஏறினேன். மோட்டார் விற்கிற கடையொன்றில் அந்த மெஷின் இருந்தது. கீழே ஓட்டை ஓட்டையாகத் தடித்த இரும்புத் தட்டு, அதன்மேல் உருளுகிற ரோலர். மேலே மாவைக் கொட்டினால் ரோலர் அழுத்தி ஓட்டை வழியாகக் குச்சியாகத் தள்ளும். கடைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து மாவை எடுத்துப் போட்டார். பளபளவென்று குச்சி கொட்டியது. அட்வான்ஸ் கொடுக்கக் கையை ஜேபியில் விட்டவன், எதற்கும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

"போட்ட மாவு யாருது? அவன்துதான? அவன் மாவு அவன் மெஷின்ல நல்லாத்தான் வரும். நம்ம கடலக்கொடியப் போட்டுப் பாத்தியா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அங்கே உட்கார்ந்துகொண்டு இவள் எனக்குப் பாடம் நடத்துகிறாள் என்று கோபம் வந்தது. கோபம் வந்து என்ன, அவள் சொன்னது சரி. கடலைக்கொடியை அரைத்து, சோள மாவும் தவிடும் புண்ணாக்கும் கலந்து ஒரு மூட்டை கட்டினேன். அந்தச் சித்தூர்க்காரர் என் மூட்டையைக் கடைக்குள்ளேயே விடவில்லை. சரி போ என்று திருப்பதிக்கு ரயில் ஏறினேன். பாகாலாவில் வண்டி ரொம்ப நேரம் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் குடும்பத்தோடு மொட்டையடிக்கப் போகிறவர்கள். ஒரு அம்மா மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பெருமாளுக்குப் புண்ணாக்கா காணிக்க?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

திருப்பதியில் முதல் கடையில் என் தீனி மாவாகவே போய் மாவாகவே விழுந்தது. இரண்டாவது கடைக்காரர் பொறுமைசாலி. "சூடன்னா, ட்ரை செய்யி", நீயே போட்டுப் பாரண்ணா என்று தெலுங்கில் சொல்லி மெஷினை என்னிடமே விட்டுவிட்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பிசைந்து, போட்டுப் பார்த்து, மத்தியானம் வரை மல்லாடினேன். கடைசியில் குச்சி வந்தது. சொரசொரப்பாக, கோணல்மாணலாக, ஆனால் எங்கள் கடலைக்கொடியில் வந்த குச்சி. பெரிய மெஷின் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நம் மாட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போதும் என்று அவள் சொல்லியிருந்ததால் சின்னதையே எடுத்தேன். வீட்டுக் கரண்ட் அதை இழுக்காது. வயலில் போர் மோட்டாருக்கு வருகிற மூணு பேஸ் லைன்தான் தாங்கும். அதனால் போர் ஷெட்டிலேயே இறக்கினேன். அந்த லைன் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மத்தியானம் வரும். அது வருகிற நேரம்தான் எனக்கு வேலை நேரம்.

வாங்கியதும் ஓடிவிட்டதா என்றால், எங்கே! புதுத் தட்டில் ஓட்டையெல்லாம் கரகரவென்று இருக்கும். எண்ணெயும் தவிடும் பொடி மணலும் கலந்து திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் வழவழப்பாகும். அதைச் செய்தேன். அப்புறம் கடலைக்கொடியை வேரோடு அரைத்துவிட்டேன். வேரில் ஒட்டியிருந்த மண் ரோலரைத் தின்றுவிட்டது. வேரை வெட்டி, கொடியை உதறக் கற்றுக்கொண்டேன். சுடச்சுட வந்த குச்சியை மூட்டை கட்டினேன். பிரித்தால் பச்சையாகப் பூசணம். அத்தனையும் குப்பைக்குழி. ஆறவைத்துக் காய்ந்தபிறகு கட்டக் கற்றுக்கொண்டேன். ஈரம்தான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. கைப்பிடி மாவை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. வெல்லம் காய்ச்சுகிறவர்கள் கொட்டிவிடுகிற அழுக்குப் பாகைக் கேட்டு வாங்கித் தண்ணீரோடு கலந்தபிறகு குச்சி உடையாமல் நின்றது. மாடுகள் முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. அப்புறம் தொட்டியை நக்கின.

இதற்கு நடுவில் வீடும் இருந்தது. சோறு குழையாமல் வடிக்க, மகளுக்கு ரெட்டைச் சடை பின்ன, தலையில் பேன் பார்க்க, எல்லாம் பழகிக்கொண்டேன். ஊரார் கடலைக்கொடியை வண்டியில் கொண்டுவந்து கொட்டிக் குச்சியாக வாங்கிப்போனார்கள். சிரித்த வாய்களெல்லாம் "அண்ணா, எப்ப வரட்டும்?" என்று கேட்டன. அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். "மெஷினு குடுக்குதுமே. கெளம்பி வா."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. சந்தோஷ அழுகைதான். வேறு ஆள் வந்ததும் அனுப்புவதாக முதலாளியின் பெண்டாட்டி, அந்த மேடம், சொல்லி, அதற்கும் கொஞ்ச காலம் ஆகி, ஒருவழியாக வந்தாள். சென்னை ஏர்போர்ட்டில் மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கைக்குழந்தை மாதிரி விட்டுப்போனவளுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பெண் நின்றாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மறுநாள் காலை துடைப்பத்தை எடுத்தாள். பிடுங்கினேன்.

"ஒக்காருமே. நீ பட்டது போதும்."

மனசாரச் சொன்னேன். இத்தனை வருஷம் அடுத்தவன் வீட்டுத் தரையைத் துடைத்தவள் தன் வீட்டிலும் துடைக்க வேண்டுமா? அடுப்படிக்குப் போனால் நான் முந்திக்கொள்வேன். மாட்டுப் பக்கம் போனால், "சாணிமே, ஒனக்கெதுக்கு" என்பேன். மெஷின் ஷெட்டுக்கு ஆசையாக வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மாவை அள்ளி இறுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி வேணும்போல கீது மாமா" என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். தூசி அடிக்கும், நீ போய் ஒக்காரு."

போய் உட்கார்ந்தாள். மகளுக்குத் தலை வாரிவிடச் சீப்பை எடுத்தால், "நைனா வாரட்டும்" என்று அது என்னிடம் ஓடிவரும். சோறு போட வந்தால் தட்டை என் பக்கம் நீட்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பார்த்தாயா, உன் பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறேன் என்று அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வந்து போகிறவர்கள் எல்லாம், "ஒனக்கின்னாம்மா, மகாராணி மாதிரி ஒக்காந்துக்கினு கீற" என்றார்கள். அதற்கும் சிரித்தாள்.

ஒருநாள் ஏஜெண்ட் போன் செய்தான். எடுத்தது நான். "விசா வந்துட்சு, மெடிக்கலுக்கு எப்ப வருது அந்தம்மா?" என்றான். கையிலிருந்த சொம்பை அவள் முன்னால் விட்டெறிந்தேன்.

"இன்னாமே இது? மெஷினு ஓடலியா? நான் ஒன்ன பட்டினி போட்டனா?"

"மெஷினு நல்லா ஓடுது மாமா."

"அப்பறம் இன்னாத்துக்குப் போற?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இங்க நான் இல்லாம எல்லாம் நடக்குது. அங்க அந்தக் கொழந்த நான் ஊட்னாத்தான் துன்னும். மேடம் போன் பண்ணி அழுவுது."

"நம்ம கொழந்த?"

"அதுக்கு நீ கீற."

நீங்களே சொல்லுங்கள். ஒருத்தியை வேலை வாங்காமல் உட்காரவைத்துச் சோறு போட்டது குற்றமா? இன்றைக்கும் எனக்கு இந்த நியாயம் புரியவில்லை. யாரிடம் கேட்டாலும் நான் செய்தது தப்பில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

கிளம்புகிற நாள். அந்த வாரம் கரண்ட் விடியற்காலையில். கண் விழித்தால் பக்கத்தில் அவள் இல்லை, வயல் பக்கமிருந்து மெஷின் சத்தம். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் மாவை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். குச்சி ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாகவே வந்திருந்தது. எப்போது கற்றுக்கொண்டாள்? உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் தூசி, முகமெல்லாம் சிரிப்பு. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"எனக்கும் வருது பாரு மாமா."

"போவாதமே. இரு. நீயே ஓட்டு" என்றேன்.

மெஷினை நிறுத்தினாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னைக்குச் சொல்ற. பாஸ்போட்டு ஏஜெண்டாண்ட கீது. வரேன்னு அவங்களுக்குச் சொல்லிட்டேன். இத்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்கு மாமா போவப் போறேன்?"

ரோட்டில் கார் ஹாரன் அடித்தது. அவள் கை கால் கழுவப் போனாள். நான் அந்த ஷெட்டில் நின்று வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு வாசலில் நின்று டாட்டா காட்டியது. கார் திரும்புகிற வரைக்கும் அவள் பின்கண்ணாடி வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்ததாகச் சொன்னாள். அப்புறம் வழக்கம்போல வெள்ளிக்கிழமைகள். நல்லா கீறியா, நல்லா கீறேன், கொழந்த சாப்ட்டுதா, சாப்ட்டுது, அவ்வளவுதான். எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. இல்லாததைச் சொல்லியாவது இவளைத் திரும்ப வரவைத்துவிட வேண்டும் என்று பட்டது. ஒருநாள் போன் வந்ததும் ஷெட்டைவிட்டு வரப்புக்கு நடந்துகொண்டே சொன்னேன்.

"மே, மெஷினு சரியா வர்லமே. நீ போனதுலேர்ந்து குச்சியே நிக்கல, எல்லாம் மாவாப் போவுது. ஈரம் எவ்ளோ வெக்கறதுன்னு எனக்குப் புரியல. மாடுங்க கொல பட்டினி. ஊர்ல எல்லாரும் கொடியத் திருப்பி எடுத்துக்கினு போயிட்டாங்க. நீ வந்தாத்தான் ஆவும்."

சொல்லிவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பொய் சொல்லாத மாமா" என்றாள். "பின்னால மெஷினு ஓடிக்கினு கீது. எனக்குக் கேக்குது."