வளவனூர்க்காரி வேஷம்

என் அப்பா, அம்மா இருவரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். திண்டிவனம் பக்கத்து ஷூ கம்பெனியில் வேலை கிடைத்து அவர்கள் வந்தபோது எனக்கு இரண்டு வயது. வீட்டில் தகலாக் பேசுவோம். வாசலைத் தாண்டினால் எனக்குத் தமிழ்தான். ஆனாலும் பள்ளியில் நான் "சைனா", பஸ்ஸில் "நேபாளி".

விழுப்புரத்தில் கல்லூரி படித்தபோது ஒரு வீதி நாடகக் குழுவில் சேர்ந்தேன். அந்த ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி நாடகம் போடுவதென்று முடிவானது. அம்மா அங்கே தையல் பிரிவில் பயிற்சி கொடுப்பவர். அவர் வீட்டில் புலம்பியதை நான்தான் குழுவில் சொன்னேன்: கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும், ஒரு ஷிப்டுக்கு இரண்டுதான், அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை.

குழுவை நடத்திய அக்கா எனக்கு வெளிநாட்டு முதலாளி வேஷம் கொடுத்தார்.

"மூஞ்சிக்குப் பொருந்துது, அதான்."

"இது திண்டிவனத்துல வளர்ந்த மூஞ்சி, அக்கா. தையல் பொண்ணாத்தான் வருவேன். இல்லன்னா வரல."

அக்கா வேஷப் பட்டியலில் என் பெயரை அடித்து மாற்றி எழுதினார்.

விக்கிரவாண்டியில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் முதல் நாடகம். விழுப்புரம் பக்கத்து வளவனூரிலிருந்து வந்து, வேலை செய்யும்போதே மயங்கி விழும் பெண் நான். வாயைத் திறப்பதற்குள் ஒருவன் கத்தினான்: "ஏய் சைனா, உங்க ஊருக்குப் போ!"

கூட்டம் சிரித்தது. வேஷத்தைக் கலைக்காமல் அவனைப் பார்த்தே சொன்னேன்: "எங்க வளவனூர் பஸ்ஸு இன்னும் வரலண்ணே. வர்ற வரைக்கும் இங்கதான் நின்னுக்கினு இருப்பேன். நீயும் நில்லு, பாரு."

இந்த முறை சிரித்தவர்கள் பெண்கள். நாடகம் முடிந்ததும் ஒருத்தி தன் டோக்கனை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "இதாங்க அது. இந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நெசம்."

அடுத்த வாரம் தையல் பிரிவில் ஒருவரும் டோக்கன் வாங்கவில்லை. வேண்டியபோது எழுந்து போனார்கள்.

மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டார். "உங்க பொண்ண அடக்கி வைங்க. உங்க விசா எங்க கையில இருக்கு."

நாலு வார்த்தை தமிழில் சமாளிக்கும் அம்மா, "அவ பொய் சொல்லல சார்" என்றாராம்.

டோக்கன் ஒழிந்தது. அம்மாவைக் குடோனுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்று வீங்கிய அவர் காலைப் பிடித்துவிட்டபடி மன்னிப்புக் கேட்டேன்.

"கம்பெனியிடமும் கேட்பாயா?" என்றார் தகலாக்கில்.

"மாட்டேன்."

"அப்படியென்றால் என்னிடமும் கேட்காதே."

அந்த ஞாயிற்றுக்கிழமை வளவனூரில் நடித்தோம். அப்பா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார், கம்பெனி அடையாள அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டு.