தட்டைக் கிற்றாரும் தங்கூசி நரம்பும்

அந்தக் கிற்றாரை உடைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் இதைப் பற்றி நாலு விதமாகக் கதை திரிந்தது. வழியில் சோதனைச் சாவடியில் சோதித்தவர்கள் உடைத்தார்கள் என்றார்கள், சைக்கிள் கரியரிலிருந்து விழுந்தது என்றார்கள். ஒன்றும் இல்லை. என் கடை மேசையில், பட்டப்பகலில், என் கையால் உடைந்தது. பிறகு திருத்தினதும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. வோல்ற் என்றால் என்ன, அம்பியர் என்றால் என்ன என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கரண்ட் அடித்து அடித்துத்தான் படித்தேன். தொண்ணூறுகளில் சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற கடையும் சவுண்ட் சேர்விஸும் வைத்திருந்தேன். பரந்தனிலிருந்து வட்டக்கச்சி வரைக்கும் என்னுடைய ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டாத திருவிழா இல்லை. போர்க்காலம், கரண்ட் இல்லை, ரோர்ச் பற்றறிக்குத் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. அந்த வயர் வேலையில் பாதி என் கையால் செய்தது. சோல்டரிங் அயனைச் சிரட்டைக் கரியில் பழுக்கவைத்து ஈயம் பிடிக்க வைத்தவன் நான். பிளக்கைச் செருகிவிட்டு வேலை தொடங்குகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒருக்கால் அதைச் செய்து பாருங்கள்.

இவ்வளவு பெருமையும் ஒரு கிழமைக்குள் எப்படிச் சந்தி சிரித்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

1. திங்கட்கிழமை

அன்ரன் முந்திக் கலியாண வீடுகளில் கிற்றார் வாசித்த பொடியன். உருத்திரபுரத்தில் வயலும் செய்தான். ஒரு வருடமாக அவனை எந்த மேடையிலும் காணவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை அவனும், அவனுடைய இசைக்குழுத் தலைவர் குலமும் ஒரு கறுப்புப் பையோடு கடைக்கு வந்தார்கள். பையைத் திறந்தால் ஒரு கிற்றார். உடம்பு மூன்று விரல் கனம்கூட இல்லை.

“என்னடாப்பா, இதுக்கு மேலை ட்ரக்டர் ஏறினதோ?” என்றேன்.

“இல்லை அண்ணை, இதின்ரை உடம்பே இப்பிடித்தான். நோர்வேயிலை இருந்து அக்கா அனுப்பினவா. சும்மா வாசிச்சால் பக்கத்திலை நிக்கிறவனுக்கும் கேளாது. அம்பிளிபயரிலை போட்டுத்தான் வாசிக்கவேணும். போட்டுப் பாத்தன், சத்தம் வரேல்லை.”

குலம் இடையில் புகுந்தார். “அண்ணை, வெள்ளிக்கிழமை ஒரு கலியாணம். உங்கடை சவுண்ட் செற்தான். ஒரு வருசத்துக்குப் பிறகு இவனை ஏத்துறன். இது வேலை செய்யாட்டி நான் கிற்றார் வாசிக்கிற ஒரு பரந்தன் பொடியனைத்தான் கூப்பிடுவன். இந்த ஒரு தரம்தான் பொறுப்பன். பிறகு அவன்தான் எங்கடை கிற்றார்.”

அன்ரன் இடது கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றான். குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். கிளிநொச்சி வெயிலில் எவனுக்குக் குளிரும்? அதைக்கூட யோசிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமையோ? நாளைக்கே வா,” என்றேன். “நான் திருத்தாத சாமான் இன்னும் பிறக்கேல்லை.”

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். நரம்பு நைலோன். என்ரை கைக்கு அதுதான்...”

“எல்லாம் எனக்குத் தெரியும். வைச்சிட்டுப் போ.”

2. நைலோனைக் காந்தம் பிடிக்குமோ?

கிற்றாரின் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று. அதில் நாலு திருகு, ஒரு பற்றறி அறை. ஒன்பது வோல்ற் சதுரப் பற்றறி போடுகிற இடம் வெறுமையாக இருந்தது. வழியில் பார்சலைப் பிரித்துச் சோதித்தவர்கள் பற்றறியைக் கழற்றி எடுத்திருந்தார்கள். அது எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. என்னிடம் மேலே தார் பூசிய பழைய கார் பற்றறி ஒன்று இருந்தது. ஆறு அறை, அறைக்கு இரண்டு வோல்ற். நாலாவது அறையின் ஈயத் தகட்டில் கிளிப்பைக் கவ்வினால் எட்டு வோல்ற். கிற்றாருக்கு அது காணும். கொடுத்தேன். அம்பிளிபயரில் “ஸ்ஸ்” என்று இரைச்சல் வந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறது. ஆனால் நரம்பைத் தட்டினால் ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு அதுவரை தெரிந்த எலெக்ரிக் கிற்றார் எல்லாம் ஒரே மாதிரி. கம்பிக்குக் கீழே காந்தமும் கொயிலும். இரும்புக் கம்பி அதிர்ந்தால் கொயிலில் கரண்ட் வரும். இதில் காந்தத்தைக் காணவில்லை. மற்றவன் என்றால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. காந்தம் உள்ளே எங்கேயோ ஒளித்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். நைலோனைக் காந்தம் எப்படிப் பிடிக்கும்? நோர்வேக்காரன் விசரன், நரம்பை மாற்றிப் போட்டு அனுப்பியிருக்கிறான். இதுதான் என் கண்டுபிடிப்பு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நைலோன் நரம்பு ஆறையும் கழற்றிச் சுருட்டி வைக்கவில்லை. கட்டரால் வெட்டி எறிந்தேன். கடையில் தொங்கிய பழைய இரும்புக் கம்பிகளைப் போட்டு முறுக்கினேன். தேத்தண்ணி கொண்டு வந்த மனிசி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பொடியன் நைலோனைப் பற்றி என்னவோ சொன்னவன். நீங்கள் கேக்கேல்லை.”

“நீ அடுப்பைப் பார்,” என்றேன்.

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். வேறு யார் அந்த நேரத்தில் சரியான கதை கதைத்தார்கள் என்று இன்றுவரை தேடுகிறேன், ஒருவரும் இல்லை.

3. டொக்

செவ்வாய்க்கிழமை காலை அன்ரன் வந்தான். இரும்புக் கம்பியைக் கண்டதும் முகம் கறுத்துப்போனது.

“அண்ணை, இது என்ன?”

“உனக்கு விளங்காது. பிடிச்சு வாசி.”

அப்போதுதான் இடது கையை வெளியே எடுத்தான். நடுவிரலும் மோதிரவிரலும் வளைந்து விறைத்துப்போய் இருந்தன. போன காலபோக வயல் வேலையில் வோட்டர் பம்ப் பெல்ற்றுக்குள் கை போனதாம். சுட்டுவிரலும் சின்னவிரலும்தான் மிச்சம். அந்த இரண்டையும் வைத்து இரும்புக் கம்பியை அமத்தினான். அமத்த அமத்த நகத்தடி வெள்ளையாகிறது. கம்பி கீழே போகவில்லை.

“இரும்பை என்னாலை அமத்தேலாது அண்ணை. அதாலைதான் நான் இவ்வளவு நாளும் வாசிக்கேல்லை. நைலோன் மெதுவா இருக்கும், ரெண்டு விரலாலையும் சமாளிக்கலாம் எண்டுதான் அக்கா தேடி வாங்கினவா. நேற்றுச் சொல்ல வந்தனான்.”

நான் அப்போதும் விடவில்லை. கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் சரி என்று கிற்றாரை வாங்கி, திருகாணியைப் பிடித்தேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதைக் கோபத்தில் கவனிக்கவில்லை. இறுக்கிவிட்டேன். நைலோனுக்குச் செய்த மெல்லிசு உடம்பு இரும்பின் இழுவையைத் தாங்குமோ? டொக் என்று ஒரு சத்தம். கம்பி மாட்டுகிற பிறிட்ஜ் கட்டை அடியோடு பெயர்ந்து என் நெஞ்சில் அடித்து மேசையில் விழுந்தது.

அன்ரன் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் கதிரையில் இருந்து அந்தக் கட்டையையே பார்த்தான். “வெள்ளிக்கிழமை பரந்தன் பொடியன்தான்,” என்றான். அவ்வளவுதான்.

கட்டை பெயர்ந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே மெல்லிய வயரில் ஒரு தட்டைப் பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அகலம் ஈர்க்கு மாதிரி. அதை இழுத்தெடுத்து நகத்தால் தட்டினேன். மேலே கட்டியிருந்த ஹோர்னில் “டக்” என்று வந்தது. சந்தையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

எனக்கு என் தலையிலேயே குட்ட வேண்டும் போல் இருந்தது. அது கிறிஸ்ரல் பிக்கப்! நான் சவுண்ட் சேர்விஸ் தொடங்கிய காலத்தில் எல்லாம் இசைத்தட்டு. ஊசிக்கு மேலே இருக்கிற கிறிஸ்ரலை நூறு தரம் மாற்றியிருப்பேன். அதற்குக் காந்தமும் இல்லை, கொயிலும் இல்லை. அமத்தி அதிர்ந்தால் கரண்ட் வரும். நரம்பு நைலோனோ, இரும்போ, சணலோ, அதற்குக் கவலை இல்லை. நரம்பைத் தாங்குகிற வெள்ளை எலும்புக் கட்டைக்குக் கீழே அந்தப் பட்டி இருக்க வேண்டும். சோதித்தவர்கள் நரம்பைத் தளர்த்தி வெள்ளைக் கட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். திருப்பி வைத்தபோது பட்டி ஓட்டைக்குள்ளால் கீழே விழுந்திருக்கிறது. திங்கட்கிழமையே நரம்பைத் தளர்த்திக் கட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. பத்தே நிமிடம்!

4. தங்கூசி

“எழும்பு,” என்றேன் அன்ரனிடம். “இன்னும் மூண்டு நாள் கிடக்கு.”

“நரம்புக்கு எங்கை போறது? வவுனியாவிலையும் கிடையாது.”

தச்சு வேலை செய்கிறவரிடம் வச்சிரப்பசை வாங்கி, சூடாக்கிப் பூசி, பிறிட்ஜைப் பழைய இடத்தில் வைத்தேன். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வியாழன் வரை அவிழ்க்கக் கூடாது. பிறகு இருவரும் சைக்கிளில் இரணைமடுவுக்குப் போனோம். அங்கே குளத்தில் மீன் பிடிக்கிற செல்வராசா முந்தி முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர். தடித்த தங்கூசி, அதுதான் நைலோன் தூண்டில் நரம்பு, அவரிடம்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு எண்டு மூண்டு மொத்தத்திலை வேணும்,” என்றேன்.

“இது பாரை பிடிக்கிற தங்கூசி. குளத்திலை என்ன திமிங்கிலமோ பிடிக்கப் போறியள்?”

“கலியாணத்துக்குப் பாட்டுப் பிடிக்கப் போறம்.”

“உமக்கு முத்திப்போச்சு,” என்று சொல்லிக்கொண்டு சுருளைத் தூக்கித் தந்தார். அன்ரன் ஒவ்வொன்றையும் பல்லில் கடித்து, இழுத்து, காதுக்குப் பக்கத்தில் தட்டிப் பார்த்து மூன்று துண்டு எடுத்தான்.

மேல் மூன்று நரம்பு கிடைத்தது. கீழ் மூன்றும் தடித்த சத்தம் தர வேண்டும், செம்பு சுற்ற வேண்டும். அது என் வேலை. ட்ரான்ஸ்போமர் சுற்றுகிறவனுக்குச் செம்பு சுற்றச் சொல்லியா தர வேண்டும்? சைக்கிள் கப்பியால் நானே செய்த கொயில் மெசினில் செல்வராசா தந்த நைலோன் வலைநூல் இழையைப் பூட்டி, எரிந்த ட்ரான்ஸ்போமரின் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றினேன். பார்க்க அச்சொட்டாகக் கடைச் சாமான். புதன்கிழமை பின்னேரம் அன்ரனிடம் காட்டினேன். இழுத்துப் பார்த்தான். செம்பு கழன்று சுருள் சுருளாகக் கையில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன்.

“ஏன் கழண்டது? நீ சொல்லு,” என்றேன்.

அவன் என்னை நம்பாதவன் போலப் பார்த்தான். “நைலோன் புதுசிலை இழுபடும் அண்ணை. இழுபட்டால் மெலியும். மெலிஞ்சால் மேலை சுத்தினது தளரும்தானே. முதல் இழுத்து வைச்சிட்டுச் சுத்துங்கோ.”

அந்தப் பின்னேரமே இழையில் செங்கல் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டேன். “கடைக்குள்ளை செங்கல் தூக்குப் போட்டிருக்கு,” என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் நெளித்துச் சிரித்தான். வியாழக்கிழமை இழுத்துப் பிடித்தபடியே சுற்றினேன். கழலவில்லை. ரியூப்பை அவிழ்த்து, பட்டியை வெள்ளைக் கட்டைக்குக் கீழே படுக்கவைத்து, ஆறு நரம்பையும் பூட்டினோம். பாரமாக முறுக்க வேண்டாம், ஒரு சுருதி குறைத்து வைப்போம் என்றான் அன்ரன். வைத்தோம்.

5. கலியாணம்

தாலி கட்டி முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பந்தி போடுகிற நேரம் பாட்டு. குலம் சொன்ன மாதிரியே பரந்தன் பொடியனையும் கூட்டி வந்திருந்தார். அவன் முன்வரிசையில், தன் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, அன்ரனின் கையையே பார்த்துக்கொண்டு இருந்தான். நான் அம்பிளிபயரடியில். பூட்டிய பற்றறியில் ஒரு கண், பிறிட்ஜில் ஒரு கண்.

முதல் பாட்டு முடிவதற்குள் தங்கூசி தளர்ந்து சுருதி இறங்கியது. அன்ரன் பாட்டுக்குப் பாட்டு முறுக்கினான். குலம் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மூன்றாவது பாட்டில் அடி நரம்பின் செம்பு விலகிக் கரகரத்தது. அன்ரன் அந்த நரம்பைத் தொடுவதையே விட்டான். இரண்டு விரலாலும் மற்ற ஐந்தையும் அமத்திக்கொண்டு போனான். நாலாவது பாட்டு கிற்றார் தனியாகத் தொடங்குகிற பாட்டு. மெல்லிசு உடம்பு, கூடை நிறையச் சத்தம். ஹோர்னில் அவ்வளவு இதமான ஒலியை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. பந்தியில் சோறு போட்டுக்கொண்டு நின்றவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். “சாம்பாறு! சாம்பாறு!” என்று இலைக்கு முன்னால் இருந்தவர் கத்தினார், ஒருவரும் அசையவில்லை.

பாட்டு முடிந்ததும் குலம் மேடையிலிருந்து குனிந்து பரந்தன் பொடியனிடம் சொன்னார்: “தம்பி, நீ சாப்பிட்டிட்டுப் போ. இண்டைக்கு மட்டுமில்லை, இனியும் அன்ரன்தான் எங்கடை கிற்றார். நான் கூப்பிட்டால் மட்டும் வா.”

நான் விட முடியுமோ? எல்லாம் முடிந்து ஸ்பீக்கர் வயர் சுற்றும்போது அன்ரனிடம் கேட்டேன். “எப்பிடி என்ரை நரம்பு?”

“நரம்பு நல்லம் அண்ணை. ஆனால் திங்கட்கிழமை நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இது ஒண்டும் தேவையில்லை.”

நான் மிச்ச வயரையும் சுற்றிப் பெட்டிக்குள் போட்டேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ட்ரான்ஸ்போமர் சுற்ற, பற்றறி அறையில் வோல்ற் பிரிக்க, தங்கூசியில் நரம்பு செய்ய நான் சொல்லித் தருவேன், என்னைவிட நன்றாக ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். ஆனால் சாமானைக் கொண்டு வந்தவன் சொல்லி முடிக்கும்வரை ஸ்குரூட்றைவரைக் கையில் எடுக்காதீர்கள். கட்டரை எடுக்கவே வேண்டாம். அவன் முட்டாளாகத் தெரிவான், விசர்க்கதை கதைப்பான், உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் கேளுங்கள். அந்தச் சாமானோடு சீவிக்கிறவன் அவன்தான்.