கடற்கரைச் சாலையில் நின்ற பச்சைக் கார்

தெல்மா டாப்செல் ஆல்டர்விக்கில் வந்து இறங்கிய அன்று கடல் ஊரில் இல்லை. கடலைப் பற்றியே பேசிப் பேசிக் காதலித்து, கல்யாணமும் முடித்து, கில்பர்ட் அவளைக் கூட்டி வந்திருந்தான். வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. படகுகளெல்லாம் குடித்துவிட்டு விழுந்தவர்களைப் போல ஒருக்களித்துக் கிடந்தன.

"கடல் எங்க?" என்று கேட்டாள்.

"வெளியே போயிருக்கு. சாயங்காலம் வந்துரும்," என்றான் கில்பர்ட், சந்தைக்குப் போன அத்தையைப் பற்றிச் சொல்வது போல.

அவள் கேட்டது கில்பர்ட்டை மட்டும்தான். ஆனால் அவனோடு படகுப் பட்டறையில் வேலை பார்த்த ஆம்புரோஸ் பென்னிஃபோல்டு பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அன்று முதல் தெல்மா எதிரே வந்தால் அவர் சொல்லும் வணக்கம், "கடல் கெடச்சுதா, புள்ள?" என்பதுதான். முதல் பத்து வருஷம் அவளுக்கு முகம் சிவந்தது. அடுத்த பத்து வருஷம் பதிலுக்கு ஏதாவது சொன்னாள். அதற்கப்புறம் என்றைக்காவது அவர் கேட்க மறந்துவிட்டால், அன்று அவளுக்கு டீயில் சர்க்கரை குறைந்தது போல இருந்தது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் பிறந்த வுல்வர்ஹாம்டன் பூட்டுச் செய்கிற ஊர். இங்கிலாந்துக்குள் கடலிலிருந்து அதைவிடத் தள்ளி ஓர் ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவள் அதுவரை பார்த்திருந்த வாழ்த்து அட்டைக் கடல் நகராமல் இருக்கும். ஆல்டர்விக் கடலோ தினமும் இரண்டு தடவை வந்துபோகிறது. கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்திருக்கும் அந்த நீளத் தெரு கடல் வற்றும்போது தெரு, பெரிய ஓதமாகப் பொங்கி ஏறும்போது கடல். அங்குள்ள வீடுகளின் வாசல் ஓர் ஆள் இடுப்புயரத்தில் இருக்கும். கில்பர்ட்டின் முன்னோர்கள் அந்தச் சேற்றில் சிப்பி வாரிப் பிழைத்தவர்கள். சிப்பிகள் நோய் வந்து செத்த பிறகு படகு கட்டினார்கள். கில்பர்ட் காலத்தில் லண்டன்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டு ஏறவே ஏறாத படகுகளுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பதுதான் வேலை.

கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பாட்டி நான்கு பேரும் இருந்தால்தான் ஒருவர் உள்ளூர்க்காரர் என்பது அந்த ஊரில் எழுதப்படாத சட்டம். தெல்மாவுக்கு அங்கே இருப்பது ஒரே ஒரு கணவர், அதுவும் இரண்டு வருஷமாகத்தான். இந்தக் குறையை ஈடுகட்ட நாற்பது வருஷமாக அவள் உள்ளூர்க்காரர்களைவிட அதிக உள்ளூர்க்காரியாக இருந்து பார்த்தாள். மழையில்லாத நாளிலும் ரப்பர் பூட்ஸ் போட்டாள். காற்றை மோந்து பார்த்து வானிலை சொன்னாள். பாதி நாள் தப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியூர்க்காரர்களைக் கிண்டல் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அதற்கு வசதியான இடம் 'மூன்று நங்கூரம்' பப். அதன் பெரிய ஜன்னல் கடற்கரைச் சாலையைப் பார்த்து இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் அங்கே இடம் கிடைக்காது. 'ஓதம் ஏறும், கார் நிறுத்தாதீர்கள்' என்ற பலகையின் மேலேயே சாய்ந்து நின்று யாராவது ஒரு வெளியூர்க்காரர் படம் எடுத்துக்கொண்டிருப்பார். அவருடைய காருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் அவர் முகத்துக்கு நேரே யாரும் சிரிக்க மாட்டார்கள். அது மரியாதையினால் இல்லை. சார், மேடம் என்று உட்காரவைத்து, பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ கொடுத்து, டிராக்டர் வரவழைத்து, அது காரை இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு, பிறகுதான் சிரிப்பார்கள். பப் நடத்துகிற ஜாய்ஸ் ஒவ்வொரு காரையும் படம் பிடித்து ஒரு சுவரில் மாட்டியிருந்தாள். அந்தச் சுவரில் உள்ளூர்க் கார் ஒன்றுகூடக் கிடையாது.

இனி, கடல் தினமும் எத்தனை மணிக்கு ஏறும் என்று சொல்கிற ஓத அட்டவணை. அதில் நேரமெல்லாம் குளிர்காலக் கடிகாரப்படிதான் போட்டிருக்கும். கோடையில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும். அதனால் அந்த மாதங்களில் அட்டவணையில் இருப்பதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். தபால் கவுன்டரில் உட்கார்ந்து அந்த அட்டவணையை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் தெல்மாவும் ஒவ்வொருவரிடமும், "ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க," என்று சொல்லியே கொடுப்பாள். போன குளிர்காலத்தில் ஊர்ச் சபையில் அவளே எழுந்து ஒரு யோசனை சொன்னாள்: "வெளியூர்க்காரங்களுக்குக் கூட்டல் வராது. கூட்டியே அச்சடிச்சுடலாம்." கைதட்டினார்கள். இந்த வருஷ அட்டவணை அப்படியே வந்தது.

செப்டம்பர் பௌர்ணமி ஒரு ஞாயிறு. தெல்மாவுக்கு முட்டி வலி. நடக்கச் சோம்பல்பட்டுப் பச்சைக் காரைக் கடற்கரைச் சாலையிலேயே பப்புக்கு எதிரே நிறுத்தினாள். அட்டவணை பார்த்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கத் தாராளமாக நேரம் இருந்தது.

கதை சொல்கிறவள் ஜனங்களைப் பார்த்துத்தானே உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, போன மாதம் காரை மூழ்கவிட்ட பல் டாக்டரின் கதையை எடுத்தாள். நடுவில் பப் அமைதியானது. கதை அவ்வளவு நன்றாகப் போகிறது என்று நினைத்தாள். ஆம்புரோஸின் முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. எல்லார் கண்ணும் அவள் தோளுக்கு மேலே போவதைப் பார்த்துத் திரும்பினாள். வெளியே ஒரு காரின் பாதிக் கதவு வரை தண்ணீர்.

"பாருங்க, இன்னொரு மேதாவி," என்றாள். "என்னோடது மாதிரியே பச்சை..."

வாக்கியத்தைக் கார்தான் முடித்து வைத்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய், விளக்குகள் தானாக எரிந்து, ஹாரன் அழத் தொடங்கியது.

ஆம்புரோஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "உக்காருங்க மேடம். டிராக்டருக்குச் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

ஜாய்ஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். பூப்போட்ட கோப்பை.

கார் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 'மேடம்' என்ற வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த நாள்களில் கடையில் அவளுக்கு வழிவிட்டார்கள், ரொட்டியை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "யாருக்கு வேணா நடக்கும்," என்றார்கள். அது யார் யாருக்கு நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? எதிரே வந்த ஆம்புரோஸ் தலையைக் குனிந்து, "வணக்கம் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனார். தான் வளைவைத் தாண்டிய பிறகு என்ன நடக்கும் என்பதை அவள் ஒவ்வொரு தடவையும் துல்லியமாகக் கற்பனை செய்துகொண்டாள். அதில் அவளுக்குத்தான் நாற்பது வருஷ அனுபவமாயிற்றே.

பர்மிங்ஹாமிலிருந்து மகள் பிலிப்பா போன் செய்தாள். "அம்மா, அப்பாவும் போயாச்சு, இப்ப காரும் போச்சு. அங்க உனக்கு யாரு இருக்கா? கீழ் ரூம் காலியாத்தான் கெடக்கு. இங்க வந்துடேன்."

வழக்கமாக இதற்கு, "இது என் ஊரு," என்று ஒரே பதில்தான். அன்று அது வாயில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை சொல்றேன்," என்றாள். சுவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கார் சுவருக்கு ஏறிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு பப்புச் சுவரை நம்பி வாழ்க்கையை முடிவு செய்கிற அளவுக்குத் தனக்குப் புத்தி போய்விட்டதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தலை வாரிக்கொண்டு போனாள்.

ஜாய்ஸ் கையில் சட்டம் போட்ட படமும் சுத்தியலும் இருந்தன. ஆம்புரோஸ் சுவரை மறைத்து முதுகைச் சாய்த்து நின்றிருந்தார்.

"இவ்வளவு நல்ல படம் எனக்கு அமைஞ்சதே இல்ல," என்றாள் ஜாய்ஸ். "வெளக்கு ரெண்டும் எரியுது. மேல ஒரு கடல்புறா வேற உக்காந்திருக்கு. தள்ளுங்க."

"இது வெளியூர்க்காரங்க செவுரு."

"வுல்வர்ஹாம்டன் எப்பலேருந்து உள்ளூராச்சு? நாப்பது வருஷம் குடியிருந்தா ஆச்சா?"

அப்போதுதான் வாசலில் நின்ற தெல்மாவைப் பார்த்தார்கள். "மாட்டறதுன்னா மாட்டுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் தெல்மா. குரல் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

ஜாய்ஸ் சுத்தியலைக் கீழே இறக்கினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடு தெல்மா. அன்னிக்கு அட்டவணைய பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"பின்ன எப்படி?"

"ஒரு மணி நேரம் கூட்டினேன்."

"இந்த வருஷம் கூட்டியேதானே அச்சடிச்சிருக்கு? சபையில நின்னு அப்படிப் பண்ணச் சொன்னதே..."

"நான்தான்."

ஆம்புரோஸின் வயிற்றுக்குள் பழைய டிராக்டர் கிளம்புவது போல ஒரு சத்தம் எழுந்து மேலே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் முகத்துக்கு நேரே.

"ஜாய்ஸு, கேட்டியா? வெளியூர்க்காரன் அட்டவணைய பாக்கவே மாட்டான். தப்பித் தவறிப் பாத்தான்னா, போட்டிருக்கிறபடி நடந்து பொழச்சுக்குவான். தானே மாத்தச் சொல்லிட்டு, மாத்தினத மறந்து, அது மேல ஒரு மணி நேரத்தையும் கூட்டி மூழ்கணும்னா, நாப்பது வருஷம் இந்தச் சேத்துல ஊறியிருக்கணும். இது வெளியூர் முட்டாத்தனமே இல்ல. சுத்தமான உள்ளூர்ச் சரக்கு. ஏ புள்ள, இப்படி ஒரு மண்டைய வெச்சுக்கிட்டா எங்களுக்குத் தபால்தலை வித்தே?"

ஜாய்ஸ் அவரை உற்றுப் பார்த்தாள். "அது சரி, போன மாசம் நீங்க படகோட நடுச் சேத்துல உக்காந்திருந்தீங்களே, தண்ணியெல்லாம் போன பெறகு. அதுவும் கூட்டல்தானா?"

"மீன் புடிச்சிட்டிருந்தேன்," என்றார் ஆம்புரோஸ்.

"சேத்துலயா?"

அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். படம் சுவருக்கு ஏறவில்லை. அது உண்மையில் நல்ல படம்தான் என்பதால் தெல்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. சனிக்கிழமைக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்து, "எண்ணிப் பாத்துக்கோ, ஆனா எதையும் கூட்டிடாதே," என்றார். பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். முதல் வரிசையே குலுங்கியது.

ஞாயிறு மாலை பிலிப்பா கூப்பிட்டாள். தெல்மா தான் வரவில்லை என்று சொன்னாள்.

"ஏம்மா? அங்க என்னதான் இருக்கு?"

"எங்க போனாலும் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்கடி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதுக்குத்தாம்மா இங்க வந்துடுன்னு சொல்றேன்."

"அதுக்குத்தான் நான் வரல," என்றாள் தெல்மா.