கார்ட்டியர்வில் பஸ்ஸில் ஒரு பிள்ளையின் சாப்பாடு

மொன்றியல் பஸ்ஸில் பக்கத்திலிருக்கிற யாழ்ப்பாணத்து அக்காவுக்குப் போன் வருகிறது. மகள் உகண்டாவில் அகதி முகாமொன்றுக்குப் பொறுப்பாம். எல்லை தாண்டித் தனியாக வந்த சின்னப் பொடியன் ஒருவன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். சத்தம் எனக்கும் கேட்கிறது.

"என்னம்மா செய்ய?"

"ஊட்டப் போகாதை. அவனுக்குப் பக்கத்திலை இருந்து நீ சாப்பிடு. நீ சின்னனாய் இருக்கேக்கை, முகாமிலை உனக்கும் அப்பிடித்தான் செய்தனான்."

"எனக்கு எங்கையம்மா நேரம்?"

"அப்ப நீயும் சாப்பிடேல்லையோ? இருந்து சாப்பிடடி!"

அக்கா போனைக் காதோடு அழுத்துகிறா. யாரோ இறங்குவதற்கு மணியடிக்க, அந்தச் சத்தத்துக்கு அங்கே பிள்ளை வெருண்டுவிடுமோ என்று எனக்குப் பயம்.

கொஞ்ச நேரத்தால் மகளின் குரல் மெதுவாக வருகிறது.

"அம்மா, கதைக்காதேங்கோ. என்ரை சோத்துக் கோப்பையிலை கை வைக்கிறான்."